மானெக்‌ஷாவும் மானெக்‌ஷா கதைகளும்

இந்தக் கதையை நீங்கள் எப்படியும் இரண்டு மூன்று முறை கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், இல்லையென்றால் யாராவது யூட்யூபில் பின்னணி இசை போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

1971 ஏப்ரல் மாதக் கடைசி. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிகிறார்கள். பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவைக் கூட்டத்துக்கு ராணுவத் தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷாவைக் கூப்பிட்டு, படையை உள்ளே அனுப்புங்கள் என்கிறார். அப்படிச் செய்தால் அது போர் என்கிறார் இவர். போர்தான், ஆகட்டும் என்கிறார் அவர். இவர் மறுக்கிறார். மழைக்காலம் வரப்போகிறது, வங்காளத்து ஆறுகள் கடல் மாதிரி ஆகிவிடும். டாங்கிகளில் ஓடுகிற நிலையில் இருப்பவை பத்துப் பன்னிரண்டுதான். அறுவடை நேரம், ரயிலையெல்லாம் நான் எடுத்துக்கொண்டால் ஊரில் சோறு இருக்காது. வடக்கே பனி உருகிக் கணவாய்கள் திறக்கும், சீனா இறங்கலாம். இப்போது போனால் நூற்றுக்கு நூறு தோல்வி. பிரதமரின் முகம் சிவக்கிறது. மற்றவர்கள் கலைந்த பிறகு, ராஜினாமா கொடுத்துவிடட்டுமா, காரணம் உடல்நலமா மனநலமா, எதைப் போடட்டும் என்று கேட்கிறார் தளபதி. கடைசியில் கேட்ட அவகாசம் கிடைக்கிறது. டிசம்பரில் 13 நாள் போரில் வங்கதேசம் பிறக்கிறது.

கெத்தான கதைதான். ஒரு சினிமா இடைவேளைக்கு முன்னால் வைக்க இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. மேக்னா குல்சாரின் 'சாம் பகதூர்' 2023 டிசம்பரில் வந்தபோது, பலரும் எதிர்பார்த்துப் போனதும் இந்தக் காட்சியைத்தான்.

என் கேள்வி வேறு. இது எந்த அளவுக்கு இப்படியே நடந்தது? அதைவிட முக்கியமாக, இந்த மாதிரிக் கதைகள் அந்த மனிதரை நமக்குக் காட்டுகின்றனவா, மறைக்கின்றனவா? மானெக்‌ஷா பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அவருடைய உண்மையான பெருமை, கதையாகச் சொல்ல வராத இடங்களில்தான் இருக்கிறது. அதேபோல அவர் மீது கேட்கவேண்டிய கேள்விகளும் கதைகளுக்கு அடியில்தான் புதைந்து கிடக்கின்றன.

துணுக்குகளால் ஆன ஒரு வாழ்க்கை

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி மருத்துவரின் மகனாகப் பிறந்தார். நைனிதாலில் பள்ளி. 1932-ல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கப்பட்டபோது முதல் அணியில் சேர்ந்தார். அந்த ஒரே அணியில் இருந்த மூன்று பேர் பின்னாளில் மூன்று நாடுகளின் ராணுவத் தலைமைக்கு வந்தார்கள்: பர்மாவுக்கு ஸ்மித் டன், பாகிஸ்தானுக்கு முகம்மது மூசா, இந்தியாவுக்கு இவர். ஒரு சாம்ராஜ்யம் எப்படித் துண்டானது என்பதை இந்த ஒரு வகுப்பறையை வைத்தே சொல்லிவிடலாம்.

1942 பிப்ரவரியில் பர்மாவின் சித்தாங் ஆற்றங்கரையில் ஜப்பானியர்களோடு நடந்த சண்டையில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றைத் துளைத்தன. குண்டு ஏழு என்பார்கள், ஒன்பது என்பார்கள். பிழைக்கமாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி இவருக்குக் குத்தினார் என்பது ஒரு கதை. என்ன ஆச்சு என்று கேட்ட ஆஸ்திரேலிய அறுவை மருத்துவரிடம், கழுதை உதைத்துவிட்டது என்றார் என்பது இன்னொரு கதை. மிலிட்டரி கிராஸ் கிடைத்தது பதிவில் உள்ளது. அந்த ஏப்ரலிலேயே அரசிதழில் வந்துவிட்டது. அவரைச் சுமந்து வந்து காப்பாற்றியவர் ஷேர் சிங் என்ற சிப்பாய். கழுதை வசனம் தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர் நமக்குத் தெரியாது. கதைகள் எதை வைத்துக்கொள்ளும், எதைக் கீழே விடும் என்பதற்கு இதுவே ஒரு மாதிரி.

அப்புறம் பிரிவினை. அவருடைய ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. இவர் இங்கே தங்கி, பின்னர் கூர்க்காப் படையோடு சேர்ந்தார். 'சாம் பகதூர்' என்ற பெயரும் கூர்க்கா வீரர்கள் வழியாக வந்ததுதான். பிரிவினை நேரத்தில் யாஹ்யா கான் இவருடைய மோட்டார் சைக்கிளை 1000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பணமே தரவில்லை, 1971-ல் பாதி நாட்டைக் கொடுத்துக் கடனை அடைத்தார் என்று ஒரு துணுக்கு. படத்தில் இதுவும் உண்டு.

படத்தின் சிக்கலும் இங்கேதான். விக்கி கௌஷல் நடை, குரல், கண்ணோரச் சிரிப்பு என்று நன்றாகவே பண்ணியிருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படம் ஒரு துணுக்கிலிருந்து அடுத்த துணுக்குக்குத் தாவுகிறது. ஒவ்வொரு காட்சியும் ஒரு வசனத்தில் போய் முடிகிறது. ராணுவத் தளபதியின் வேலை என்ன, அவர் காலையில் அலுவலகம் போய் என்னதான் செய்வார் என்பது இரண்டரை மணி நேரம் கழித்தும் நமக்குத் தெரிவதில்லை. போரே பெரும்பாலும் துண்டுக் காட்சிகளாக ஓடி முடிந்துவிடுகிறது. இதற்கு இயக்குநரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்குக் கிடைத்த மூலப்பொருள் அப்படி. மானெக்‌ஷாவே ஒரு பிரமாதமான கதைசொல்லி.

அந்த ஏப்ரல் கூட்டம்

இப்போது அந்த அமைச்சரவைக் கூட்டத்துக்கு வருவோம். இன்று நம் காதில் விழும் வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் மானெக்‌ஷாவிடமே போய் நிற்கிறோம். 1990-களில் அவர் ஆற்றிய உரைகளில் இந்தச் சம்பவத்தை விரிவாகச் சொன்னார். அவர் சொல்லும்போது அந்த அறையில் இருந்ததாகக் குறிப்பிடும் முக்கியமான அமைச்சர்களான ஜகஜீவன் ராம், சவான், ஸ்வரண் சிங், ஃபக்ருதீன் அலி அகமது ஆகியோரும், இந்திரா காந்தியும் 1995-க்குள் காலமாகிவிட்டார்கள். அப்படியல்ல என்று மறுக்கவோ, ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவோ அந்தத் தரப்பில் ஆள் இல்லை. இதனால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் ஒரே சாட்சி, அதுவும் கதையின் நாயகனே சாட்சி என்னும்போது, அன்றைய மற்ற தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

ஒப்பிட்டவர்கள் உண்டு. ஸ்ரீநாத் ராகவன் 2013-ல் வெளியிட்ட 1971 பற்றிய நூலிலும், முன்னாள் தூதர் சந்திரசேகர் தாஸ்குப்தா 2021-ல் வெளியிட்ட நூலிலும் அன்றைய அரசு ஆவணங்களையும், பிரதமரின் செயலாளர் ஹக்சரின் தாள்களையும் வைத்துப் பார்க்கிறார்கள். இருவர் காட்டும் சித்திரமும் ஏறக்குறைய ஒன்று: ஏப்ரலில் உடனே படையெடுக்கவேண்டும் என்ற துடிப்பு இந்திரா அரசிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே தெரிந்த நிகழ்வுகளை வைத்தே இதை நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் கொலைவெறி தொடங்குகிறது. மார்ச் 31 அன்று இந்திய நாடாளுமன்றம் தீர்மானம் போடுகிறது. அதில் அனுதாபமும் ஆதரவும் இருக்கின்றன, படையெடுப்பு இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் தாஜுதீன் அகமது டெல்லி வந்து பிரதமரைச் சந்திக்கிறார். ஏப்ரல் 17 அன்று வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்கிறது. அங்கீகாரம் கொடுங்கள் என்று எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கத்துகின்றன. இந்திரா காந்தி கொடுக்கவில்லை. எப்போது கொடுத்தார்? டிசம்பர் 6. அதாவது போர் தொடங்கி மூன்று நாள் கழித்து. வெறும் அங்கீகாரத்தைக் கொடுக்கவே எட்டு மாதம் யோசித்த ஒருவர், ஏப்ரலில் படையை அனுப்பத் துடித்தார் என்று நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

உடனே போகவேண்டும் என்று வாதிட்டவர்கள் இல்லாமலும் இல்லை. பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே. சுப்ரமணியம் அப்படி வெளிப்படையாகவே வாதிட்டார். அமைச்சரவையிலும் சிலருக்கு அந்த எண்ணம் இருந்திருக்கலாம். அவர்கள் காதில் விழட்டும் என்றே தளபதியைக் கூப்பிட்டு, ஏன் இப்போது முடியாது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்திருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் அரசியல் தெரிந்த எவருக்கும் இது அந்நியமான உத்தி இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கிழக்கு கமாண்டில் அதிகாரிகளின் தலைவராக இருந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், 1997-ல் எழுதிய நூலில், நவம்பர் நடுப்பகுதிக்கு முன்னால் முடியாது என்று மானெக்‌ஷாவிடம் சொன்னதே நான்தான் என்கிறார். அந்தக் கதையையும் அப்படியே விழுங்கவேண்டாம். அதில் நாயகன் ஜேக்கப். அந்தத் தலைமுறைத் தளபதிகள் ஒருவர் எழுதினால் மற்றவர் குறைகிறார். நாம் எல்லோரையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது இது: ராணுவம் தயாராக இல்லை, மழைக்காலத்தில் போவது மடத்தனம் என்று தளபதி தெளிவாகச் சொன்னார். அரசு அதைக் கேட்டது. அரசின் கணக்கும் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் இருந்தது. கோபமும் ராஜினாமாவும் எந்த அளவுக்கு நிஜம் என்பதை முடிவுகட்ட வழியில்லை.

இதில் என்ன நஷ்டம்?

சுவாரசியமான கதை, கொஞ்சம் கூடக்குறைய இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படி விடமுடியவில்லை. ஏனென்றால் இந்தக் கதையிலிருந்து ஜனங்கள் ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசியல்வாதிக்கு ஒன்றும் தெரியாது, அவசரக்காரர், கோபக்காரர். சீருடை போட்டவர்தான் விவரம் தெரிந்தவர், அவர் பேச்சைக் கேட்டால் நாடு உருப்படும். யூட்யூபில் இந்தக் கதைக்குக் கீழே வரும் கருத்துகளைப் படித்தாலே இது தெரியும். நம் அண்டை நாடுகள் சிலவற்றில் இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 1971-ல் மறுபக்கம் நின்ற யாஹ்யா கானே சீருடையோடு ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான்.

உண்மையில் 1971 சொல்லும் பாடம் நேர் எதிரானது. ராணுவத்துக்கு எட்டு மாதம் கிடைத்தது என்றால், அந்த எட்டு மாதத்தை அரசியலும் ராஜதந்திரமும் வீணாக்காமல் வேலை செய்தன. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனா இறங்கினால் என்ன செய்வது என்ற பயத்துக்கு அது ஒரு பகுதி விடை. பிரதமர் இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுற்றி வந்தார். ஒரு கோடி அகதிகளுக்குச் சோறு போடும் வேலை மாநில அரசுகள் தலையில் விழுந்தது. தளபதி தன் வேலையைச் சொன்னார், பிரதமர் தன் வேலையைச் செய்தார், இருவரும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகவில்லை. இதில் மோதல் காட்சி கிடையாது, அதனால் படமாக எடுக்க வராது. ஆனால் ஒரு ஜனநாயக நாடு போருக்குப் போகிற முறை இதுதான்.

இன்னொரு நஷ்டம், மானெக்‌ஷாவின் உண்மையான உழைப்பு காணாமல் போகிறது. மே மாதம் தொடங்கி நவம்பர் வரை நடந்ததை நினைத்துப் பாருங்கள். முக்தி வாகினிக்குப் பயிற்சி தரும் பொறுப்பு எல்லைக் காவல் படையிடமிருந்து ராணுவத்துக்கு மாறியது. மேற்கு வங்கப் பக்கத்துக்காகப் புதிதாக ஒரு கோர் தலைமையகமே எழுப்பப்பட்டது. திரிபுராவுக்கு இருந்தது தர்மநகர் வரை வரும் ஒற்றை மீட்டர் கேஜ் ரயில் பாதை, அதற்கப்புறம் மலைச்சாலை. அந்த வழியாக ஒரு முழு கோருக்கு வேண்டிய குண்டு, பெட்ரோல், ரேஷன், பாலச் சாமான் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான டன் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மலையில் சண்டை போடப் பழகிய டிவிஷன்களை ஆறுகள் நிறைந்த சமவெளிக்குத் தயார்செய்தார்கள். கடற்படை, விமானப்படையோடு சேர்ந்து திட்டம் போட்டார்கள். 'முடியாது' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த 'முடியாது' நியாயமானதுதான் என்று நிரூபித்தது இந்த ஏழு மாத வேலை.

போர் என்ன சொல்கிறது

வெற்றியையும் அப்படியே ஒருவர் கணக்கில் எழுதிவிட முடியாது. 1971 ஆகஸ்டில் தயாரான போர்த்திட்டத்தில் டாக்காவைப் பிடிப்பது வெளிப்படையான இலக்காக இல்லை. கிழக்கின் பெரும்பகுதியைப் பிடிப்பது, குறிப்பாகச் சிட்டகாங், குல்னா துறைமுகப் பகுதிகளைப் பிடிப்பது என்பதுதான் இலக்கு. டாக்காவே குறி என்று வாதிட்டது நான்தான் என்கிறார் ஜேக்கப். களத்தில் அதை நடத்திக்காட்டியவர்களில் முதன்மையானவர் நான்காம் கோரின் தளபதி சகத் சிங். பாலம் தகர்ந்து கிடந்த மேக்னா ஆற்றை, பழைய எம்ஐ-4 ஹெலிகாப்டர்களில் ஆட்களை ஏற்றி, டிசம்பர் 9-லிருந்து நடை நடையாகக் கடத்தினார். கையில் கொடுத்த திட்டத்தைத் தாண்டி அவர் எடுத்த முடிவு அது. டிசம்பர் 11 அன்று டாங்கைலில் பாராசூட் படை இறங்கியது. டாக்காவின் கதவு திறந்தது.

சகத் சிங் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? போர்க்கால வீரப் பதக்கம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை, பத்மபூஷன் கிடைத்தது.

இங்கே மானெக்‌ஷாவுக்குச் சேரவேண்டியது என்ன? பெரிய விஷயம் ஒன்று சேரவேண்டும். திட்டத்தை மீறி ஓடிய படைத்தளபதியை அவர் இழுத்துப் பிடித்து நிறுத்தவில்லை. அடுத்தது, சரணடையச் சொல்லிப் பாகிஸ்தான் படைக்கு அவர் வானொலியில் விடுத்த செய்திகள். ஆயுதத்தைக் கீழே போடுகிறவர்களை ஜெனீவா உடன்படிக்கைப்படி கௌரவமாக நடத்துவோம் என்ற உறுதி அதில் இருந்தது. மக்கள் பழிவாங்கக் காத்திருந்த ஒரு நாட்டில் சிக்கியிருந்த எதிரிப் படைக்கு அந்த உறுதி என்ன பொருள் தந்திருக்கும் என்று யோசியுங்கள். டிசம்பர் 16 அன்று சரணடைந்து கைதிகளானவர்கள், சிவிலியன்கள் உட்படச் சுமார் 93,000 பேர். கைதிகளை நடத்துவதில் அந்த வாக்கு பெரிய அளவில் காப்பாற்றப்பட்டது. கையெழுத்து வாங்க அவர் டாக்காவுக்குப் போகவில்லை. கிழக்கு கமாண்டின் தளபதி அரோராதான் போனார். அந்தப் புகைப்படத்தில் மானெக்‌ஷா இல்லை. தன்னைப் பற்றி இவ்வளவு கதை சொன்ன மனிதர், தன் வாழ்நாளின் மிகப்பெரிய படத்தில் இல்லை.

மேற்கே கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. ஜம்முவில் சாம்ப் பகுதி கையைவிட்டுப் போனது, சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகும் திரும்பவில்லை. வேறு இடங்களில் நாம் பிடித்ததும் உண்டு. கிழக்கின் வெற்றிக்குத் தலைவர் என்றால் மேற்கின் கலவையான முடிவுக்கும் அவர்தான் தலைவர். எந்த ஃபார்வர்டிலும் சாம்ப் வராது.

விலை கொடுத்த இடம்

அவருடைய துணிச்சலை எங்கே பார்க்கவேண்டும் என்று கேட்டால், நான் 1971-ஐக் காட்டமாட்டேன். அதற்குப் பத்து வருஷம் முந்தைய வெலிங்டனைக் காட்டுவேன். நம்ம குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே வெலிங்டன்தான். அங்குள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு அவர் தலைவராக இருந்தபோதுதான் அவர் மீது விசாரணை வந்தது. தேசத்துக்கு விரோதமாகப் பேசுகிறார், அரசியல் தலைமையை மதிப்பதில்லை என்பது குற்றச்சாட்டின் சாரம். அப்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். ராணுவத்தில் அவருக்கு நெருக்கமானவராக ஓங்கி நின்றவர் பி.எம். கௌல். யார் திறமைசாலி என்பதைவிட யார் யாருடைய ஆள் என்பது பதவி உயர்வைத் தீர்மானித்த காலம். மானெக்‌ஷாவின் உயர்வு தடைபட்டது. மேற்குக் கமாண்டின் தளபதி தௌலத் சிங் தலைமையில் நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

இங்கே அவர் கையில் எதுவுமில்லை. கேட்க ஆளில்லாத ஒரு மலை ஊரில், வாழ்க்கையே முடிந்துபோகக்கூடிய நிலையில் இருந்தார். வாயை மூடிக்கொண்டு யாரையாவது போய்ப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் போகவில்லை. 1962 நவம்பரில் சீனாவிடம் நம் படை சிதறி ஓடியபின், கௌல் விட்டுச்சென்ற அதே நான்காம் கோரை எடுத்து நிமிர்த்த அனுப்பப்பட்டவர் இவர்தான். யாரால் ஓரங்கட்டப்பட்டாரோ அவருடைய நாற்காலியே அவருக்கு வந்தது. 1971-ல் ஒரு தளபதி பிரதமரிடம் தொழில்ரீதியான உண்மையைச் சொல்லமுடிந்தது என்றால், அதற்குக் காரணம் 1962-ன் அடி. அந்த அடிக்குப் பிறகு அரசியல் தலைமை ராணுவத்தின் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டது. அது ஒரு தனிமனிதரின் மீசை முறுக்கலால் வந்தது இல்லை, தோல்வி கற்றுக்கொடுத்த பாடம்.

வளையல் கதை

இனி, கதைகள் மறைக்கும் கேள்விக்கு வருகிறேன். 1964 முதல் 1969 வரை மானெக்‌ஷா கிழக்கு கமாண்டின் தளபதி. அந்த ஆண்டுகளிலிருந்து பிரபலமாக நமக்கு வந்து சேர்ந்திருப்பது ஒரு வளையல் கதை. மிசோ மலையில் கலகக்காரர்களோடு மோதத் தயங்கிய ஒரு பட்டாலியனுக்கு அவர் வளையல்களைப் பார்சலில் அனுப்பி வெட்கப்படவைத்தாராம். அவர்கள் ரோஷம் வந்து சண்டை போட்டதும் வளையலைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம். சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். வளையல் போடுகிறவர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

அதே மிசோ மலையில் அதே காலத்தில் என்ன நடந்தது? 1966 மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை ஐசால் நகரத்தின் மீது குண்டு போட்டது. 1967-லிருந்து மலைக் கிராமங்களைக் காலிசெய்து, ஜனங்களைச் சாலையோர முகாம் கிராமங்களில் அடைத்தார்கள். பழைய கிராமங்கள் எரிக்கப்பட்டன. பிரிட்டிஷார் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் கையாண்ட முறையை ஒட்டியது இது. கிராமப்புற மிசோ மக்களில் பெரும்பகுதியினர் இப்படி இடம்பெயர்க்கப்பட்டார்கள். காட்டை வெட்டித் திருத்திப் பயிர்செய்கிற ஒரு சமூகத்தை நிலத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகும்? பஞ்சமும் கசப்பும் மிஞ்சின. மிசோ ஒப்பந்தம் கையெழுத்தாக 1986 வரை ஆனது.

இந்த முடிவுகள் அவர் ஒருவருடையவை இல்லை. டெல்லியின் சம்மதத்தோடு நடந்தவை. ஆனால் அந்தப் பிராந்தியத்தின் ராணுவத் தலைமை அவரிடம்தான் இருந்தது. எதிரி நாட்டுக் கைதிகளிடம் அவ்வளவு கண்ணியம் காட்டிய தளபதியின் கீழ், சொந்த நாட்டுக் குடிமக்களுக்கு இது நடந்தது. இந்த இரண்டையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சேர்த்து வைத்துப் பார்க்காமல் அவரைப் பற்றி முழுதாக எழுதிவிட்டோம் என்று யாரும் சொல்லமுடியாது. வளையல் கதை செய்கிற காரியம், அந்த எரிந்த கிராமங்களை நம் கண்ணில் படாமல் வைப்பது.

ஏன் கதைகளே மிஞ்சின?

1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்றார். சுதந்திர இந்தியாவில் முதல் ஆள். கரியப்பாவுக்கு 1986-ல்தான் கிடைத்தது. அதே ஜனவரி நடுவில் ஓய்வு. கொஞ்ச நாளில், பிரிவினையின்போது தான் பாகிஸ்தானுக்குப் போயிருந்தால் 1971-ல் பாகிஸ்தான் ஜெயித்திருக்கும் என்று ஒரு பேட்டியில் விளையாட்டாகச் சொன்னார் என்று பெரிய ரகளை ஆனது. கதை சொல்கிற வாயே அவருக்கு வினையானது. அதன்பின் டெல்லி அவரைத் தள்ளியே வைத்தது. குன்னூரில் 'ஸ்தாவ்கா' என்று பெயர் வைத்த வீட்டில் வாழ்ந்தார். ஃபீல்டு மார்ஷலுக்கு உரிய சம்பள நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கு மேல், 2007-ல்தான் கைக்கு வந்தது. 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 94 வயதில் இறந்தார். இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவர், பிரதமர், பாதுகாப்பு அமைச்சர் யாரும் வரவில்லை. இணையமைச்சர் ஒருவர் வந்தார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில், மனைவி சில்லூவின் பக்கத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அரசு செய்த இந்த அலட்சியமும் கதைகளுக்கு எரிபொருள். ஆனால் அதைவிடப் பெரிய அலட்சியம் ஒன்று உண்டு: ஆவணங்களைப் பூட்டிவைத்தது. 1971 போரின் அதிகாரபூர்வ வரலாற்றைப் பாதுகாப்பு அமைச்சகமே எழுதி முடித்தும் பொதுமக்களுக்கு வெளியிடவில்லை. 2000-ல் ஒரு பத்திரிகை கசியவிட்ட பிறகுதான் நாம் படித்தோம். 1962 தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு வெளியிடவே இல்லை, 2014-ல் ஒரு பகுதி கசிந்ததோடு சரி. மிசோ மலை ஆவணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாளைக் காட்டாத நாட்டில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர் வைத்ததே வரலாறு. மானெக்‌ஷா நன்றாகச் சொன்னார். சகத் சிங் சொல்லவில்லை. மிசோ கிழவிகளிடம் நாம் கேட்கவே இல்லை.

படத்தைப் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பாருங்கள், நன்றாகவே பொழுது போகும். பார்த்துவிட்டு ராகவனின் நூலையும் ஜேக்கபின் நூலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றை ஒன்று எங்கே மறுக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். உங்கள் வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ 1971-ல் பணியில் இருந்த தாத்தா யாராவது இருந்தால், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்னமும் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். மானெக்‌ஷாவைப் பார்த்தீர்களா என்று ஆரம்பிக்காதீர்கள். உடனே துணுக்கு வந்து விழும். அந்த வருஷம் ஜூன், ஜூலையில் உங்களை எங்கே அனுப்பினார்கள், எதைத் தூக்கினீர்கள், எந்த ஸ்டேஷனில் எத்தனை நாள் காத்துக் கிடந்தீர்கள் என்று கேளுங்கள். மானெக்‌ஷா கேட்டு வாங்கிய அவகாசம் எப்படிச் செலவானது என்பதை அவர்கள்தான் சொல்லமுடியும். அவர்களுக்கும் எண்பது வயதைத் தொட்டாயிற்று.